ஓ.எச்.என்.எஸ் பஞ்ச் ஒன்றுக்குப் பதம் ஏற்றும் முறை: வட சென்னைச் சிறு பட்டறைகளுக்கான ஹார்டனிங் வழிகாட்டி

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் தொடங்கி கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, லேத்தும் மில்லிங்கும் கிரைண்டரும் வைத்துக்கொண்டு பஞ்ச் (தகட்டை அடித்துத் துளையிடும் கருவி), டை (அதற்கு அடியில் வைக்கும் அச்சு), பின், ஷாஃப்ட் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றில் பல, எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுகச் செய்யும் ஹார்டனிங் வேலையை மட்டும் வெளியே கொடுத்து வாங்குகின்றன. சில, மின்சாரத்தால் சூடேறும் மூடிய அறை கொண்ட சிறிய மஃபிள் உலை ஒன்றை வாங்கிப் போட்டுத் தாங்களே செய்துகொள்கின்றன. இந்த இரண்டாம் வகையினருக்காகவே இதை எழுதுகிறேன். திருவொற்றியூரில் உலை வேலையிலேயே எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. வெடித்தும், வளைந்தும், கடினம் ஏறாமலும் என் மேசைக்கு வந்த ஜாப்களில் (வேலைத் துண்டுகளில்) பெரும்பாலானவை, உலையில் வைக்கும் முன் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியாலோ, எண்ணெயிலிருந்து எடுத்த பின் காட்டிய தாமதத்தாலோ கெட்டவை. ஆகவே அந்த இரண்டு முனைகளுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரே ஒரு ஜாப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம்: 40 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. நீளமும் கொண்ட ஓ.எச்.என்.எஸ் (எண்ணெயில் தோய்த்து இறுக்கும், அதிகம் சுருங்காத கருவி எஃகு) பஞ்ச், வரைபடத்தில் கேட்டிருக்கும் கடினம் 60 முதல் 62 எச்.ஆர்.சி (ராக்வெல் சி அளவு). மற்ற எஃகுகளைப் பற்றி, வழி மாறும் இடங்களில் மட்டும் சொல்கிறேன்.

எஃகுக்குள் என்ன நடக்கிறது

சாதாரண நிலையில் எஃகிலுள்ள கார்பனின் பெரும்பகுதி, இரும்போடு சேர்ந்து கார்பைடாகத் தனித்து நிற்கிறது. வெப்பம் 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இரும்பின் அணு அடுக்கு மாறத் தொடங்கி ஆஸ்டினைட் என்னும் நிலைக்கு வருகிறது. வெந்நீரில் உப்பு கரைவதுபோல அந்த நிலையில் கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடுகிறது. மெல்ல ஆறவிட்டால் கார்பன் மறுபடியும் பிரிந்து தன் பழைய இடத்துக்குப் போய்விடும், எஃகும் பழையபடி மிருதுவாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் பிரிந்துபோக அவகாசம் இல்லாமல் கார்பன் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய கார்பன் அணு அடுக்கை நெருக்கி இழுத்து உண்டாக்கும் இறுகிய அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். நாம் ஹார்டனிங் என்று சொல்வதெல்லாம் இதை உண்டாக்குவதைத்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. எட்டக்கூடிய உச்சக் கடினத்தைத் தீர்மானிப்பது கார்பன் அளவு என்பது முதலாவது. 0.2 சதவீதக் கார்பனில் முழுதும் மார்ட்டென்சைட் ஆனாலும் ஏறத்தாழ 45 எச்.ஆர்.சியோடு நின்றுவிடும், 0.4 சதவீதத்தில் 57 வரை போகலாம், 0.6 சதவீதத்துக்கு மேல்தான் 63, 64 என்ற எண்களை எதிர்பார்க்க முடியும். எனவே எம்.எஸ் என்னும் கார்பன் குறைந்த மிருதுவான எஃகுக் கம்பியைக் கொண்டுவந்து "ஹார்டு பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவரிடம் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை.

குரோமியம், நிக்கல், மாலிப்டினம், மாங்கனீசு ஆகியவை அந்த உச்சத்தைப் பெரிதாக உயர்த்துவதில்லை, கடினம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன என்பது இரண்டாவது. 25 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள உருளையைச் சூடாக்கி, ஒரு முனையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி, நீளவாக்கில் கடினத்தை அளக்கும் ஜோமினி சோதனை இதைத்தான் காட்டுகிறது. நடுத்தரக் கார்பன் எஃகான ஈ.என். 8 சில மில்லிமீட்டரிலேயே கடினம் இழந்துவிடும், நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈ.என். 24 நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். பெரிய கனமுள்ள ஷாஃப்டுக்கு ஈ.என். 8 வாங்கி வைத்துக்கொண்டு நடுப்பகுதி வரை கடினம் வேண்டும் என்பது, உலையால் தீர்க்க முடியாத கோரிக்கை.

கையில் இருப்பது எந்த எஃகு

மணலியை ஒட்டிய சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வாங்கினாலும், பாரிமுனைக் கடைகளில் வாங்கினாலும், பாரின் முனையில் அடித்திருக்கும் வண்ணப் பூச்சும் பொறித்திருக்கும் எண்ணும்தான் அந்த எஃகின் அடையாளம். அறுக்கும்போது வண்ணம் அடித்த முனையை முதலில் வெட்டி எடுத்துவிடுவது பட்டறைகளில் நான் அடிக்கடி காணும் தவறு. மிஞ்சிய துண்டு அன்றிலிருந்து அநாதை. எப்போதும் வண்ணமில்லாத முனையிலிருந்து அறுத்து வாருங்கள். அறுத்த ஒவ்வொரு துண்டிலும் எழுத்து அச்சால் எஃகின் பெயரைத் தட்டி வையுங்கள். கடைக்காரரிடம் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள்; அதில் கார்பன் சதவீதத்தையாவது படித்துப் பாருங்கள்.

அடையாளம் தெரியாத துண்டு என்றால், கிரைண்டிங் சக்கரத்தில் வைத்துப் பொறியைப் பார்ப்பது முதல் வடிகட்டல். எம்.எஸ் நீளமான கோடுகளாகப் பொறி விடும், வெடிப்பு குறைவு. கார்பன் கூடக் கூடப் பொறிகள் மத்தாப்பூபோல அடர்ந்து சிதறும். ஆனால் இதை வைத்து ஒரு பஞ்சை உலையில் வைக்கத் துணியாதீர்கள். அதே பாரிலிருந்து 15 மி.மீ. துண்டு ஒன்றை அறுத்து, ஜாப்புக்குச் செய்யப் போவதையே அதற்கு முதலில் செய்து, கடினத்தை அளந்துவிடுங்கள். இந்தத் துண்டுக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்ச் செலவு. பஞ்ச் செய்ய ஆன மெஷின் நேரத்தோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

நம் பகுதியில் அதிகம் புழங்கும் எஃகுகளின் வெப்பநிலைகள் இவை. ஓ.எச்.என்.எஸ், ஏறத்தாழ 0.9 சதவீதக் கார்பன் கொண்டது, 790 முதல் 820 டிகிரியில் எண்ணெயில் தோய்க்க வேண்டியது. பேரிங் எஃகான ஈ.என். 31, 1 சதவீதத்தை ஒட்டிய கார்பனோடு, 820 முதல் 840 டிகிரியில் எண்ணெய். ஈ.என். 8, 0.4 சதவீதத்தை ஒட்டிய கார்பன், 830 முதல் 860 டிகிரி. வடிவம் எளிமையாக இருந்தால் தண்ணீர், மூலை முடுக்குகள் இருந்தால் எண்ணெய். ஈ.என். 24, 825 முதல் 850 டிகிரி, எண்ணெய். இந்தக் கடைசி எஃகில் ஓர் எச்சரிக்கை: ஈ.என். 24 டி என்று வரைபடத்தில் இருந்தால், அது 248 முதல் 302 பிரினெல் (இன்னொரு கடின அளவு) வரை ஏற்கெனவே ஹார்டனிங்கும், அதன் பின் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்கும் டெம்பரிங்கும் செய்யப்பட்ட பார். அதை அப்படியே கடைந்து கொடுக்கலாம். அறியாமல் மறுபடியும் உலையில் வைத்தால் காசு கொடுத்து வாங்கிய பதம் போய்விடும்.

எச்.சி.எச்.சி.ஆர் (கார்பனும் குரோமியமும் மிகுந்த கருவி எஃகு) என்ற ஒரே பெயரில் சந்தையில் டி2, டி3 என இரண்டு எஃகுகள் கிடைக்கின்றன. டி3 சுமார் 2 சதவீதக் கார்பனோடு 950 முதல் 980 டிகிரியில் எண்ணெய் கேட்கும். டி2 சுமார் 1.5 சதவீதக் கார்பனோடு 1000 முதல் 1030 டிகிரியில் காற்றிலேயே இறுகிவிடும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடாதீர்கள். டி2 வேலையை வேக்குவம் உலை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அந்த வெப்பத்தில் சிறு மஃபிள் உலையில் மேற்பரப்பைக் காப்பாற்றுவது பெரும்பாடு. 20 எம்.என்.சி.ஆர் 5, ஈ.என். 353 போன்ற கியர் எஃகுகளுக்கு முதலில் 900 முதல் 930 டிகிரியில் மேற்பரப்பில் கார்பன் ஏற்ற வேண்டும். அது தனி வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

ஜாப்பைத் தயார் செய்தல்

பஞ்சில் விட்டம் மாறும் படியைக் கூர்மையான மூலையாகக் கடைந்திருந்தால், வெடிப்பு தொடங்கும் இடம் அதுதான். குறைந்தது 1 மி.மீ. ஆரமாவது கொடுங்கள், இடம் இருந்தால் 2 மி.மீ. கொடுங்கள். கீ-வேயின் (சாவித்துண்டு பொருந்தும் பள்ளத்தின்) உள்மூலைகள், விளிம்புக்கு மிக அருகில் போட்ட துளைகள், ஆழமாக அடித்த எழுத்து அச்சு ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. மாற்ற முடியாத துளை என்றால், உலையில் வைக்கும் முன் களிமண்ணாலோ செராமிக் ஃபைபர் இழையாலோ அடைத்துவிடுங்கள். முன்பெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வைப்பார்கள். நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் பொருளை இன்றும் தொட வேண்டிய அவசியம் இல்லை.

அதிகமாகப் பொருள் அகற்றிக் கடைந்த ஜாப்பில் உள் இழுவிசைகள் தங்கியிருக்கும். அதைச் சூடாக்கினால் அவை விடுபட்டு வளையும், பழியோ ஹார்டனிங் மேல் விழும். முக்கால்வாசி கடைந்ததும் 600 முதல் 650 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து உலைக்குள்ளேயே ஆறவிட்டு, பிறகு மீதியைக் கடைந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கிரைண்டிங் அலவன்ஸ், அதாவது பிறகு சாணை பிடித்து எடுக்க விடும் கூடுதல் பொருள், பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. விடுங்கள்.

அந்த அலவன்ஸ் அளவைச் சரிசெய்ய மட்டும் அல்ல. திறந்த உலையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எஃகின் தோலிலிருந்து கார்பனைத் தின்றுவிடும். உள்ளே 62 இருக்க, மேலே அரம் பிடிக்கும் மெல்லிய தோல் ஒன்று உருவாகும். இதைத் தவிர்க்க, பஞ்சை இரும்புப் பெட்டியில் வைத்து, எண்ணெய்ப் பசை இல்லாத பழைய வார்ப்பிரும்புச் சீவலோடு சிறிது மரக்கரித் தூளைக் கலந்து சுற்றிலும் நிரப்பி மூடுங்கள். கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்யாதீர்கள்.

உலை காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே பாரில் அறுத்த ஐந்து ஓ.எச்.என்.எஸ் பஞ்ச்களை 800 டிகிரியில் வைத்து எண்ணெயில் தோய்த்தேன். இரண்டு வெடித்தன, மற்ற மூன்றும் 58க்கு மேல் ஏறவில்லை. எஃகு மோசம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெடித்த ஒன்றை வைஸில் பிடித்து முழுதாக உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. சரியாக இறுகிய ஓ.எச்.என்.எஸ்ஸின் முறிவு, சாம்பல் நிறத்தில் பட்டுத் துணிபோல மழமழவென்று இருக்கும். இதுவோ கல் உப்பைப்போலப் பருமணியாக மினுமினுத்தது. அளவுக்கு மீறிச் சூடாகிய எஃகின் கையெழுத்து அது. மணிகள் பருத்தால் வெடிப்பு எளிதாக ஓடும். அதே மிகைச் சூட்டில் கூடுதலாகக் கரைந்த கார்பன் ஆஸ்டினைட்டின் ஒரு பகுதியை மாறவிடாமல் நிறுத்திவைத்துக் கடினத்தையும் குறைக்கும். வெடிப்பும் மென்மையும் ஒரே நாளில் வந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் உலையின் சூட்டைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 800 என்றுதான் காட்டியது. இரண்டு நாள் தேடிய பிறகு கண்டுபிடித்தோம்: உலைக்குள் சூட்டை உணரும் கம்பியான தெர்மோகப்பிளின் தலையிலிருந்து கன்ட்ரோலர் வரை, கே வகைக்கு உரிய காம்பென்சேட்டிங் கேபிளுக்குப் பதிலாகச் சாதாரணச் செம்பு ஒயர் இழுக்கப்பட்டிருந்தது. தெர்மோகப்பிள் அளப்பது இரு முனைகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டை. உலைச் சுவரை ஒட்டிய தலை 70 டிகிரியிலும் கன்ட்ரோலர் பெட்டி 35 டிகிரியிலும் இருந்தால், செம்பு ஒயர் அந்த 35 டிகிரியை விழுங்கிவிடும். திரை 800 காட்டும்போது உலை 835இல் இருக்கும். ஈ.என். 8 இதைப் பொறுத்துக்கொள்ளும். ஓ.எச்.என்.எஸ் பொறுக்காது.

ஆகவே முதலில் கேபிளைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, சான்று பெற்ற இன்னொரு தெர்மோகப்பிளை ஜாப் நிற்கும் இடத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள். உலைக் கதவருகும் பின்சுவரருகும் 20 டிகிரி வித்தியாசப்படுவது சிறிய உலைகளில் சாதாரணம். கண்ணால் நிறம் பார்ப்பதை அனுபவத்துக்குத் துணையாக மட்டும் வையுங்கள். மேகமூட்டமான காலையில் செந்நிறமாகத் தெரியும் அதே ஜாப், கூரை இடுக்கில் வெயில் அடிக்கும் மத்தியானத்தில் கறுத்துத் தெரியும். இரும்பு காந்தத்தை விடுவது ஏறத்தாழ 770 டிகிரியில். கன்ட்ரோலர் மீது சந்தேகம் வந்தால், ஈ.என். 8 துண்டு ஒன்றைக் காந்தம் வைத்துப் பார்ப்பது விரைவான சரிபார்ப்பு.

சூடாக்குதல்

பஞ்சை நேரடியாக 800 டிகிரிக்குள் தள்ளாதீர்கள். முதலில் 600 முதல் 650 டிகிரியில் வைத்து முழுதும் சீராகச் சூடேற விடுங்கள், 40 மி.மீ. கனத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். பிறகு 800க்கு ஏற்றுங்கள். கன்ட்ரோலர் 800 தொட்ட நொடியிலிருந்து நேரத்தை எண்ணுவது தவறு. ஜாப்பும் உலைச் சுவரும் ஒரே நிறமாகி, ஜாப்பின் விளிம்பு கண்ணுக்கு மறையும்போதுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் வைத்திருந்தால், பெட்டியினுள் ஒரு மெல்லிய தெர்மோகப்பிளைச் செருகி அது காட்டும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அதன் பின் 30 முதல் 40 நிமிடம். ஈ.என். 8, ஈ.என். 24 போன்றவற்றுக்கு 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது மொத்த நேரத்துக்கான பழைய கணக்கு, அது பாதுகாப்பானது.

எண்ணெயும் தண்ணீரும்

சூடான எஃகு திரவத்தில் இறங்கியதும் முதலில் அதைச் சுற்றி ஆவிப் போர்வை ஒன்று உண்டாகும். அந்தப் போர்வை உள்ளவரை குளிர்ச்சி மெதுவாகவே இருக்கும். அது உடைந்து திரவம் கொதித்து எழும்போதுதான் வெப்பம் வேகமாக வெளியேறும். கடைசியில் கொதி அடங்கி மெல்ல ஆறும். ஜாப்பை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வது இந்த ஆவிப் போர்வையை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உடைப்பதற்காக. அசையாமல் விட்டால் ஓரிடத்தில் போர்வை தங்கி, அங்கே மட்டும் கடினம் குறையும்.

குவென்ச்சிங் (தோய்த்துக் குளிர்விக்கும்) எண்ணெய் 50 முதல் 70 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஜாப்பை நன்றாக நனைக்காது. ஆறிய எண்ணெய்தான் வேகமாகக் குளிர்விக்கும் என்பது தவறான எண்ணம். ஒரு கிலோ எஃகுக்கு 8 முதல் 10 லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், ஒரு 200 லிட்டர் பேரலில் 20 கிலோ வரை தோய்க்கலாம், எண்ணெயின் சூடு ஏறத்தாழ 25 டிகிரிதான் உயரும். லாரியிலிருந்து இறக்கிய எரிந்த எஞ்சின் ஆயிலைப் பயன்படுத்துவோரிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, அதை நிறுத்துங்கள் என்பதே. அதன் குளிர்விக்கும் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும், எளிதில் தீப்பிடிக்கும், அதிலிருந்து கிளம்பும் புகை, அக்கம்பக்கத்திலுள்ள குடியிருப்புகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷீட் கூரை ஒழுகுவது நம் பட்டறைகளில் எல்லோரும் அறிந்ததே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரையிலிருந்தே தண்ணீர் ஏறியது. எண்ணெய்த் தொட்டிக்குள் புகும் தண்ணீர், எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். 800 டிகிரி ஜாப் அதைத் தொட்டால் தண்ணீர் ஏறத்தாழ 1700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைத் தொட்டிக்கு வெளியே தூக்கி வீசும். மழைக்காலத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும், அடிவரை செல்லும் குழாயால் கொஞ்சம் எண்ணெயை எடுத்து, சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தாளித்த கடுகுபோலப் படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, அன்று தோய்க்காதீர்கள். தொட்டிக்கு எப்போதும் இறுக்கமான மூடி வேண்டும். தீப்பிடித்தால் அந்த மூடிதான் முதல் ஆயுதம். அடுத்தது மணலும் தீயணைப்பானும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பஞ்சை இடுக்கியால் பின்முனையில் பிடித்து, செங்குத்தாக, தயங்காமல் ஒரே மூச்சில் முழுதும் மூழ்கும்படி இறக்குங்கள். தீ பிடிப்பது பெரும்பாலும் பாதி மூழ்கிய நிலையில் தடுமாறும்போதுதான். இறக்கிய பின் மேலும் கீழுமாக அசையுங்கள். நீளமான ஜாப்பைப் பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து வளையும். தகடுகளை ஓரம் முதலில் படும்படி இறக்க வேண்டும்.

ஈ.என். 8 பின்களுக்குத் தண்ணீர் பயன்படுத்துவோர் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பதால் பல போர்வெல்களில் வருவது உப்பு நீர். உப்பு, ஆவிப் போர்வையைச் சீக்கிரம் உடைத்துக் குளிர்ச்சியை வேகமாக்கும். வேண்டுமென்றே 5 முதல் 10 சதவீத உப்புக் கரைசலில் தோய்க்கும் முறையே உண்டு. சிக்கல் எங்கே என்றால், போர்வெல் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, பருவத்துக்குப் பருவம் அது மாறவும் செய்யும். ஜனவரியில் சரியாக வந்த அதே வேலை மே மாதம் வெடித்தால் எதைக் குறை சொல்வது? மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரை நிரப்பி, உப்பு வேண்டுமென்றால் எடைபோட்டுச் சேருங்கள். தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழ் இருப்பது நல்லது. கத்திரி வெயிலில் வெளியே வைத்த தொட்டி 40ஐத் தொட்டுவிடும், அப்போது ஆவிப் போர்வை நெடுநேரம் தங்கி, பின்னில் திட்டுத் திட்டாக மென்மை விழும். கோடையில் தண்ணீர் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வதே எங்கள் வழக்கம்.

எடுத்ததும் டெம்பரிங்

மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகு விரிவடைகிறது. தோல் முதலில் இறுகிவிட, பிறகு உள்பகுதி மாறி விரியும்போது, விட்டுக்கொடுக்க முடியாத தோல் இழுபடுகிறது. எண்ணெயிலிருந்து எடுத்த பஞ்ச், வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இந்த இழுவையைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில், இரவு எட்டு மணிக்குத் தோய்த்த பஞ்ச் ஒன்றை, டெம்பரிங் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். "டிக்" என்று ஒரு சிறு ஒலி கேட்டது, பல்லி சத்தமிட்டது போல. திரும்பி வந்து பார்த்தபோது, படியின் மூலையிலிருந்து கீழ்வரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடியிருந்தது. அதைச் செய்ய டர்னர் இரண்டு நாள் உழைத்திருந்தார்.

பஞ்ச் 50, 60 டிகிரிக்கு, அதாவது கையில் பிடித்தால் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும், முழுதும் குளிரவிடாமல் டெம்பரிங் உலைக்குள் போய்விட வேண்டும். அந்த உலை அதற்கு முன்பே சூடேறித் தயாராக இருக்க வேண்டும். நம் பஞ்சுக்கு 180 முதல் 200 டிகிரி, குறைந்தது இரண்டு மணி நேரம். தோய்த்தவுடன் 63 முதல் 65 வரை இருந்த கடினம் 60 முதல் 62க்கு இறங்கும். இறங்கிய அந்த இரண்டு மூன்று புள்ளிகளுக்கு ஈடாக, அடி விழும்போது உடையாத உறுதி கிடைக்கிறது. விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும் வேலை என்றால் 250 டிகிரிக்கு ஏற்றி 58ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்விட்டது என்றால், கேஸ் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரிலாவது பஞ்சைப் போட்டு வைத்துக் காப்பாற்றுங்கள். மின்சாரம் வந்ததும் முறையான டெம்பரிங் செய்யலாம்.

வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று மேற்பரப்பில் ஏறும் நிறங்களைப் பார்த்துப் பதம் சொல்வது கொல்லுப் பட்டறையில் வழிவழியாக வந்த அருமையான அறிவு. 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறமும் 300 டிகிரியில் நீலமும் வரும். ஆனால் நிறம் தோலின் சூட்டை மட்டுமே சொல்லும், 40 மி.மீ. பஞ்சின் நடுவில் என்ன சூடு என்பதை நேரம்தான் உறுதிசெய்யும். உளிக்கு நிறம் போதும், பஞ்சுக்கு அது போதாது.

ஈ.என். 31க்கு 150 முதல் 180 டிகிரி. ஈ.என். 8, ஈ.என். 24 இரண்டுக்கும் பெரும்பாலும் 550 முதல் 650 டிகிரி வரை. ஈ.என். 24ஐ 250 முதல் 400 டிகிரிக்கு இடையில் டெம்பரிங் செய்வதைத் தவிருங்கள். கடினம் நன்றாகத் தெரிந்தாலும் அந்த வரம்பில் எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது, சாலையில் ஷாஃப்ட் உடைந்த பிறகே அது தெரியவரும்.

அளத்தலும், தவறினால் செய்ய வேண்டியதும்

ராக்வெல் சி அளவில் 120 டிகிரி வைரக் கூம்பை முதலில் 10 கிலோ, பிறகு மொத்தம் 150 கிலோ சுமையில் அழுத்துகிறோம். தொடங்கும் முன் சான்றுக் கட்டையில் மெஷினைச் சரிபாருங்கள். பஞ்சின் தட்டை முகத்தில் கருந்தோலும் கார்பன் இழந்த தோலும் போகும்வரை தண்ணீர் விட்டு மெதுவாக கிரைண்ட் செய்து, அங்கே அளக்க வேண்டும். சூடேற கிரைண்ட் செய்தால் அந்த இடத்தில் பதம் மறுபடியும் இறங்கிப் பொய் எண் வரும். முதல் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த மூன்றின் சராசரியை எழுதுங்கள். வளைந்த பரப்பில் அளந்தால் எண் குறைவாகக் காட்டும். சிறு விட்டப் பின்களுக்கு அட்டவணையைப் பார்த்துத் திருத்தம் சேர்க்க வேண்டும்.

அளந்ததும் சுடுநீரில் சோடா போட்டு எண்ணெயைக் கழுவி, துடைத்து, துரு தடுக்கும் எண்ணெயில் முக்கிவிடுங்கள். கடற்காற்று வீசும் காசிமேட்டுப் பக்கத்திலும் எண்ணூரிலும், பளபளப்பாக வைத்துவிட்டுப் போன ஜாப் மறுநாள் காலையில் செம்புள்ளியோடு நிற்கும்.

கடினம் குறைந்துவிட்டால், அவசரப்பட்டு அப்படியே மறுபடியும் 800க்கு ஏற்றித் தோய்க்காதீர்கள். ஒருமுறை இறுகிய எஃகை நேராக மறுபடி இறுக்கினால் மணிகள் பருத்து வெடிக்கும் வாய்ப்பு அதிகம். முதலில் தோல் கார்பன் இழந்ததுதான் காரணமா என்று இன்னும் 0.1 மி.மீ. கிரைண்ட் செய்து அளந்து பாருங்கள். பாதிச் சந்தர்ப்பங்களில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தீரவில்லை என்றால், பஞ்சைப் பெட்டிக்குள் கரியோடு வைத்து 760 முதல் 780 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, உலையை நிறுத்தாமல் கன்ட்ரோலரை மணிக்கு 10 முதல் 20 டிகிரி வீதம் 600 வரை இறக்கி, அதன் பின் உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். ஓர் இரவும் மறுநாள் காலையும் ஆகும். அதற்குப் பிறகு அந்தப் பஞ்சைப் புதிய பஞ்சாகவே கருதி, 650 டிகிரி முன்சூட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யலாம். ஜாப் நோட்டில் அதற்கு நேராக இரண்டாம் முறை என்றும், முதல் முறையில் உலையும் எண்ணெயும் காட்டிய சூடுகளையும், தோய்த்த நேரத்துக்கும் டெம்பரிங் வைத்த நேரத்துக்கும் இடையே போன நிமிடங்களையும் எழுதி வையுங்கள்.